இயந்திரம் ஓடுகிறது, கதவைச் சாத்தவும்

டிசம்பர் 21, வியாழன்

வெள்ளம் வடிந்த பிறகு இன்றுதான் வாசகசாலையைத் திறக்க முடிந்தது. கதவு ஊறி நிலையோடு இறுகியிருந்தது. தோளால் தள்ளினேன். எழுபத்து நான்கு வயதில் அது சரியான முறையாக இருக்காது, ஆனால் திறந்தது.

சுவரில் தண்ணீர் நின்ற கோடு தரையிலிருந்து நாற்பத்தாறு சென்டிமீட்டர். நான்கு இடங்களில் அளந்தேன். தரையில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு.

பிரெயில் தொகுதிகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. மேல்தட்டுகளில் இருந்த நூற்று எழுபத்தாறையும் தண்ணீர் தொடவில்லை. கீழ்த்தட்டில் இருந்த முப்பத்தெட்டும் முழுகிவிட்டன. அந்த முப்பத்தெட்டும் எமிலி டீச்சர் கையால் குத்தியவை. பதினொரு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் நான் வாசிக்க, அவர் சட்டத்தில் தடித்தாளை மாட்டி ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவார். மேல்நிலை இயற்பியல், தையல், கோழி வளர்ப்பு, தபால் துறைத் தேர்வுக் கையேடு. தூத்துக்குடியில் அவரைப் போலவே பார்வையில்லாத பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இவற்றை விரலால் படித்துத்தான் தேர்வு எழுதினார்கள். எதற்கும் இன்னொரு பிரதி கிடையாது.

அவற்றைக் கீழ்த்தட்டில் வைத்தவன் நான். டீச்சர் தரையில் உட்கார்ந்து படிக்கிறவர். எழுந்து எட்டி எடுக்க வேண்டாமே என்று அப்படி வைத்தேன்.

டிசம்பர் 22, வெள்ளி

சேறு அள்ளினேன். பதினேழு சட்டி.

டீச்சர் வீட்டிலும் தண்ணீர் புகுந்ததால் நாசரேத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். மதியம் போன் செய்தார். ஓரளவு காப்பாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை, வேறு மாதிரியும் இருக்கலாம் என்றேன்.

“சார், சுத்தி வளைக்காதிய. போச்சா, இருக்கா?”

“இருக்கிறது. ஈரமாக இருக்கிறது.”

“அப்பம் காய வைங்க. தம்பி மெட்ராஸ்ல இருந்து ஒரு மெஷின் லாரில போட்டுருக்கான். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத் தண்ணியா வடிக்குமாம்.”

எனக்கு அதை இயக்கத் தெரியுமா என்பது சந்தேகம் என்றேன்.

“முப்பத்தாறு வருசம் காலேஜுல பிசிக்ஸ் நடத்துன ஆளு நீங்க. பொறகு நானா வந்து பாத்து ஓட்ட?”

அவர் சிரித்தது கேட்டது. பிறகு, “ஜனவரி எட்டாம் தேதி வாரேன்” என்றார். பதினேழு நாள் இருக்கிறது.

வைக்கும் முன், “இருபத்தேழாம் நம்பரும் நனைஞ்சிட்டா?” என்று கேட்டார். நனைந்துவிட்டது என்றேன். இருபத்தேழுக்குப் பதிவேட்டில் தலைப்பு கிடையாது. நான் வாசிக்காமல் அவர் தானாகக் குத்திய தொகுதி அது ஒன்றுதான். நான் பிரெயிலைக் கண்ணால் பார்த்துப் படிப்பேன், விரலுக்கு வரவில்லை. “அது படிப்பே இல்ல சார், வேவு பாக்கது” என்பார் டீச்சர். அதனால் இருபத்தேழை நான் திறந்ததில்லை.

டிசம்பர் 23, சனி

இயந்திரம் வந்தது. இடுப்பளவு உயரம், அடியில் நான்கு சக்கரம். லாரிக்காரர்கள் படுக்க வைத்தே கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது குளிர்பதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரசர். படுத்து வந்ததை உடனே ஓட்டினால், அதன் எண்ணெய் இடம் மாறியிருப்பதால் கெட்டுப்போகும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

ஏ.சி. மெக்கானிக் சேர்மக்கனி வந்து பார்த்தார். “என்ன சிகாமணி சார், பிரசவ வார்டு வாசல்ல நிக்க மாதிரி நிக்கிய. சுவிட்சப் போடுங்க.”

நாளை மாலை நான்கு மணிக்கு என்றேன்.

“நான் இருவது வருசமா ஏ.சி. பாக்கேன். ரெண்டு மணி நேரம் போதும்.”

போதுமானதாக இருக்கலாம், ஆனால் நாளை மாலை நான்கு மணி என்றேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

அறையின் பிளக் எல்லாம் முழங்கால் உயரத்தில், தண்ணீருக்குள் இருந்தவை. அவற்றைத் தொடக் கூடாது என்று சேர்மக்கனியிடம் கேட்டுக்கொண்டேன். மாடியில் கட்டட உரிமையாளர் மகராஜன் அண்ணாச்சியின் உப்பு மண்டி ஆபீஸ். அங்கிருந்து தனியாக ஒரு லைன் இறக்கி, எர்த் சோதித்து, மின்கசிவு வந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்சும் மாட்டினார். நீட்டிப்பு வயர் வேண்டாம் என்றேன். “சார் ஒரு ‘இருக்கலாம்’ போடாம இன்னைக்குத்தான் ஒரு வார்த்தை பேசியிருக்கிய” என்றார்.

இயந்திரத்தை அறையின் நடுவில், சுவரிலிருந்தும் அலமாரியிலிருந்தும் தள்ளி நிறுத்தினேன். தண்ணீர் வடிகிற வாளி நிறைந்தால் தானாக நிற்கிறதா என்று மிதவையை விரலால் தூக்கிப் பார்த்தேன். நின்றது. நான்கு மணிக்கு ஓடத் தொடங்கியது.

இயந்திரத்தின் முகப்பு ஈரப்பதம் 91 என்று காட்டியது. அதை நம்பலாமா என்று தெரியவில்லை. இரண்டு தெர்மாமீட்டர் எடுத்து, ஒன்றின் குமிழில் ஷூ லேஸைச் சுற்றி லேஸின் நுனியைத் தண்ணீரில் விட்டேன். உலர்ந்தது 28, நனைந்தது 26.8. அட்டவணைப்படி 91. இயந்திரம் பொய் சொல்லவில்லை.

ஜன்னல்களை மூடிக் கதவில் தாள் ஒட்டினேன்: இயந்திரம் ஓடுகிறது, கதவைச் சாத்தவும்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். மூன்று வாளி.

டிசம்பர் 26, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. வாசிக்க யாருமில்லை.

இன்று மட்டும் கதவை ஏழு பேர் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே யோசனை: ஜன்னலைத் திறந்து போடு, காற்று வரட்டும். கடல் அரை மைல் தொலைவில். வெளியே ஈரப்பதம் 88. ஜன்னலைத் திறந்தால் இந்த நாலு சுவரோடு மன்னார் வளைகுடாவையும் சேர்த்து உலர்த்த வேண்டியிருக்கும். இதை ஏழு முறை சொன்னேன். கடைசி முறை குரல் சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்து டைப்ரைட்டிங் கடை அம்மாள் பயந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டுத் தொகுதிகளையும் நல்ல தண்ணீரில் அலசி, பெஞ்சுகளில் விசிறிபோல் விரித்து நிறுத்தியிருக்கிறேன். தாள் நெளிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

மகராஜன் அண்ணாச்சி மாடியிலிருந்து மூன்று மூட்டை கல்லுப்பு இறக்கிக் கொடுத்தார். “உப்பு ஈரத்தை இழுக்கும் சார். எங்கப்பா காலத்துல மிளகா மூட்டைக்கு நடுவுல வைப்போம்.” மறுக்கத் தயக்கமாக இருந்தது. நல்ல மனிதர், வாடகை கேட்டு ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. எழுபத்தேழில் கல்லூரி நூலகம் ஒழுகியபோது, நனைந்த இதழ்களைப் பலகைக்கு நடுவில் பாரம் ஏற்றித்தான் நெளியாமல் காய வைத்தோம். உப்பு மூட்டையை ஏற்றினால் பாரமும் ஆயிற்று, ஈரம் இழுத்ததும் ஆயிற்று. பெஞ்சு மேல் மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று தொகுதி, மேலே பலகை, அதற்கு மேல் மூட்டை. பத்தொன்பது முதல் இருபத்தேழு வரை. மிச்சம் இருபத்தொன்பதுக்கு மூட்டை இல்லை.

என் மூளையிலும் எப்போதாவது ஒரு நல்ல யோசனை வருகிறது.

டிசம்பர் 28, வியாழன்

நான்கு வாளி. வாளியை எடுக்கும்போதெல்லாம் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன். காற்று வடிகட்டியில் சேற்றுத் தூசி. கழுவி, காய்ந்த பிறகு மாட்டினேன். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது அணைத்துவிடுகிறேன். ஆள் இல்லாமல் ஓட விட மனம் வரவில்லை.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். கதவைத் திறந்தபடியே.

“சார், இந்தத் தண்ணிய இன்வெர்ட்டருக்கு ஊத்தலாம்லா? சுத்தமாத்தான இருக்கு.”

“வேண்டாம் அண்ணாச்சி. இந்த அறையின் தூசியும் பூஞ்சையும் இதில்தான் சேரும். பேட்டரிக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது.”

“செடிக்கு?”

“சாக்கடைக்கு.”

“நல்ல மழைல தண்ணி வந்தும் பிரயோசனமில்ல, அது போனாலும் பிரயோசனமில்ல” என்று சொல்லிக்கொண்டே போனார். கதவைச் சாத்தவில்லை. நான் சாத்தினேன்.

ஈரப்பதம் 79.

டிசம்பர் 29, வெள்ளி

காலை பத்து மணிக்கு இயந்திரம் நின்றது. டிரிப் சுவிட்ச் இறங்கியிருந்தது. மேலே தள்ளப் போனேன். ஏன் இறங்கியது என்று தெரியாமல் தள்ளக் கூடாது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

சேர்மக்கனி வந்து தரையைக் காட்டினார். பெஞ்சுக்கடியில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஈரம் வயரின் ஓரம் வரை வந்து, தரையில் கிடந்த பிளக்குக்குள் ஏறியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்புத் தண்ணி. மூட்டை அழுதிருக்கு சார்.”

காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்துக்கு மேல் போனால் உப்பு நீர் விடும். இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

“டிரிப் சுவிட்ச் மட்டும் இல்லைன்னா வாளி எடுக்கப் போன உங்கள எடுக்க ஆள் வந்திருக்கும்.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிளக்கை மாற்றினார். வயரைத் தரையில் விடாமல் ஆணி அடித்துச் சுவரோடு ஏற்றிக் கட்டினார். மூட்டைகளை இருவரும் வெளியே தூக்கிப் போட்டோம்.

பலகையை எடுத்தேன். ஒன்பது தொகுதிகளும் ஏறக்குறைய காய்ந்துவிட்டன. ஒரு நெளிவு இல்லை. இஸ்திரி போட்டது போன்ற தாள். இருபத்தொன்பதும் அப்பளம் பொரித்தது மாதிரி இருக்க, இந்த ஒன்பதும் எவ்வளவு வழவழப்பு! மின்சாரத்தில் செய்த தவறுக்கு இது சற்று ஆறுதல்.

டிசம்பர் 30, சனி

டீச்சர் போன். ஒன்பது தொகுதிகள் நெளிவே இல்லாமல், வழவழவென்று காய்ந்ததைச் சொன்னேன்.

“வழவழன்னா? சார், தொட்டுப் பாத்தியளா?”

பார்த்தேன் என்றேன்.

“பாத்தியளான்னு கேக்கல. தொட்டியளான்னு கேக்கேன்.”

ஆறு மணிக்குத் தொட்டேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

ஈரப்பதம் 72. மூன்று வாளி. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 1, திங்கள்

ஈரப்பதம் 70. மூன்று வாளி. டீச்சர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்று எழுத நினைத்தேன். வாளியைக் கழுவ இரண்டு நிமிடம் போதும்.

ஜனவரி 2, செவ்வாய்

நானே போன் செய்தேன். சொல்ல வேண்டியதை முதலில் தாளில் எழுதி, அதைப் பார்த்து வாசித்தேன்.

“பத்தொன்பது முதல் இருபத்தேழு வரை ஒன்பது தொகுதிகளை ஈரமாக இருக்கும்போதே பாரம் ஏற்றி அழுத்திவிட்டேன். புள்ளிகள் அமுங்கிவிட்டன. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் யோசனை. மற்ற இருபத்தொன்பதும் நெளிந்திருக்கின்றன, ஆனால் புள்ளி இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டேன். பத்தொன்பது முதல் இருபத்தாறு வரை மூலப் புத்தகங்கள் என் வீட்டு மாடியில் பத்திரமாக உள்ளன, மறுபடி வாசிக்க முடியும். இருபத்தேழுக்கு மூலம் இல்லை.”

தாள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுதி வைக்கவில்லை.

“இருபத்தேழுமா” என்றார் டீச்சர். கேள்வியாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

ஜனவரி 3, புதன்

காலை ஏழு மணிக்குப் போன்.

“மெஷின் ஓடுதா?”

“ஓடுகிறது.”

“ஓடட்டும். நிறுத்திராதிய.” அவ்வளவுதான்.

இன்று ஐந்து முறை வாளி. சுவர் இப்போதுதான் தன் தண்ணீரை விட ஆரம்பித்திருக்கிறது.

மாலை, முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒவ்வொரு தொகுதியாகப் பூஞ்சை தேடினேன். வெளிச்சம் குறைவு, டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்துப் பிடித்தேன். இருபத்துமூன்றாம் தொகுதி, கோழி வளர்ப்பு. பக்கம் முழுவதும் சின்னச் சின்ன நிழல். ஊசி குத்திய இடத்தில் தாளின் நார் விலகியது விலகியதுதான். புடைப்பு போயிருக்கிறது, வடு போகவில்லை. நேர் வெளிச்சத்தில் வெறும் தாள். சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்து. ‘குஞ்சு பொரித்த முதல் வாரம்’ என்று படித்தேன். விரலுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிகிறது.

இருபத்தேழின் மேலும் டார்ச்சைக் கொண்டுபோனேன். அட்டையைத் திறக்கவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

மகராஜன் அண்ணாச்சி இரண்டு பெயின்டர்களோடு வந்தார். சுண்ணாம்பு, பட்டி, ஏணி எல்லாம் தயார்.

“பொங்கலுக்குள்ள வெள்ளையடிச்சிருவோம் சார். டீச்சர் வாரதுக்குள்ள அறை புதுசா இருக்கும்லா.”

அவர் சொல்வது அன்பினால். சுவரும் கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அவரை உள்ளே அழைத்து, முதலில் கதவைச் சாத்தினேன். முந்தாநாள் சுவரில் ஒரு சாண் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். அதன் உட்புறத்தைக் காட்டினேன். முத்து முத்தாக வியர்த்திருந்தது.

“இது சுவருக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், அண்ணாச்சி. இதன் மேல் பட்டி பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். மார்ச்சில் பொரிந்து உதிரும். பூஞ்சை புத்தகத்துக்கு வரும்.”

“எல்லா வருசமும் பொங்கலுக்கு அடிக்கது சார். அடிக்காம விட்டா நல்லாயிருக்காது. ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

“இந்த அறைக்கு இந்த வருடம் கிடையாது.”

பெயின்டர் ஏணியைத் தூக்கினார். நான் அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பன்னெண்டு வருசமா குனிஞ்ச தலை நிமிராம போன ஆளா இது!” பிறகு பெயின்டரிடம், “ஏலேய், மாடிக்குப் போ. இந்த ரூம் சார் சொல்லும்போது அடிப்போம்.” வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாத்தியதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தார்.

ஜனவரி 7, ஞாயிறு

பாலித்தீனில் வியர்வை இல்லை. ஈரப்பதம் 55. அதற்குக் கீழே இறக்கவில்லை. அதிகம் உலர்ந்தால் தாள் நொறுங்கும், அலமாரிப் பலகை வெடிக்கும். இன்று இரண்டே வாளி.

ஜனவரி 8, திங்கள்

டீச்சர் வந்தார். பதினொன்றே கால் பஸ். நானும் சேர்மக்கனியும் போய் அழைத்து வந்தோம். சேர்மக்கனி வழியெல்லாம் உப்பு மூட்டை அழுத கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வானத்தைப் பார்த்தபடி நடந்தேன்.

உள்ளே வந்ததும் டீச்சர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு புறங்கையை. கோடு இருந்த உயரத்தில் அறையைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். இயந்திரம் தட்டுப்பட்டதும் நின்றார். “இதுதானா? அடுப்பு மாதிரி சூடா மூச்சு விடுது.”

தரையில் உட்கார்ந்து இருபத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு வரி படித்து மூடினார். இரண்டு மணி நேரம். “நெளிஞ்சிருக்கு. நெளிஞ்சா என்ன, மேடு பள்ளத்துல சைக்கிள் போற மாதிரி விரல் போகுது” என்றார்.

பிறகு ஒன்பதைக் கொடுத்தேன். எட்டைத் தொட்டுவிட்டு வைத்தார். இருபத்தேழை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் இரண்டு கையையும் பரப்பி வைத்திருந்தார். வெகுநேரம்.

சாய்ந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். நான் படிக்க மாட்டேன், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை எந்தெந்தப் புள்ளி என்று எண்ணை மட்டும் சொல்கிறேன், அவர் குத்திக்கொள்ளலாம் என்றேன். இதை நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

“பதினோரு வருசமா எழுத்து தெரிஞ்ச ஆளுக்கு நம்பரா சொன்னா புரியாதாக்கும்?”

கையிலிருந்த டார்ச்சைப் பெஞ்சில் வைத்தேன்.

“இது கிடக்கட்டும் சார்” என்று மூடி வைத்துவிட்டார்.

ஜனவரி 9, செவ்வாய்

மூன்று மணிக்கு டீச்சர் சட்டமும் ஊசியும் புதுத் தாளுமாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் கோழி வளர்ப்பு மூலப் புத்தகத்தோடு தயாராக இருந்தேன்.

“அது எங்கயும் போகாது. இருபத்தேழ எடுங்க.”

எடுத்தேன்.

“நம்பர் வேண்டாம். படிங்க. முழுசா படிக்கணும். நடுவுல விட்டுட்டுப் போனா எனக்குத் தெரியும்.”

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முழங்கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டேன். முதல் வரி தெரிந்தது. வாசித்தேன்:

“சிகாமணி சார் இன்று ‘இருக்கலாம்’ என்று பதினொரு முறை சொன்னார். எண்ணிக்கொண்டே இருந்ததில் இரண்டு புள்ளி தப்பாகக் குத்திவிட்டேன்.”

நிறுத்தினேன். டீச்சர் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“பதினொன்று இருக்காது” என்றேன்.

“இருக்கலாம்” என்றார் டீச்சர். முதல் புள்ளியைக் குத்தினார். “மேல படிங்க.”

மாலை ஆறு மணி: உலர்ந்தது 32, நனைந்தது 25. ஈரப்பதம் 57. மூன்று மணியிலிருந்து கதவை யாரும் திறக்கவில்லை.